மீட்டருக்குப் பதினைந்து கிலோ

சங்ககிரி தாண்டி, புளியமரத்து வளைவில்
எடைமேடையில் எனக்கு உத்தியோகம்.
ஒரு ரயிலையே எடை போட்டவன் நான்.
முப்பத்தேழு லோடு. ஒன்பது நாள்.
ஆவணி மாதம், தொண்ணூற்றாறில்.

சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து
ஆலை வரைக்கும் ஓடிய குட்டி லைன்.
டிக்கெட் இல்லை, பிளாட்பாரம் இல்லை,
கல் போகும், காலி வரும்.
சனிக்கிழமை சந்தைக்கு
தொட்டிவண்டிக்குள் குந்தி வரும் பெண்கள்
திருநீற்று மூட்டைக்குள் விழுந்தெழுந்தவர்களாய்
இறங்குவார்கள்.
லாரி வந்தது, லைன் நின்றது.
இதற்கு மேல் அதற்குச் சரித்திரம் இருப்பதாக
நான் நினைத்ததில்லை,

போன தையில் அவர்கள் வரும்வரை.
பாலிடெக்னிக் ஜெசிந்தா டீச்சர்,
பழைய பாயிண்ட்ஸ்மேன் பொங்கியண்ணன்,
வெல்டிங் பட்டறைப் பையன்கள் மூவர்.
நானூறு மீட்டராவது மறுபடி போட வேண்டுமாம்,
எஞ்சினை அதன்மேல் நிறுத்த வேண்டுமாம்.
ஆலை வரைபடங்களைக் கரையான் படித்து முடித்திருந்தது.
லைனின் நீளம் என்னவென்று
காகிதத்தில் எங்குமே இல்லை.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
ஊதா கார்பன் நகல்கள், முப்பத்தேழு.
வண்டியோடு, வண்டி கழித்து, நிகரம்.
கூட்டினேன்:
முந்நூற்றுப் பதினெட்டு டன், நானூற்றைம்பது கிலோ.
ஒரு தண்டவாளம் மீட்டருக்குப் பதினைந்து கிலோ,
இரண்டுக்கும் முப்பது என்று
டீச்சர் உள்ளங்கையில் வகுத்தார்.
பத்து கிலோமீட்டர், அறுநூற்றுப் பதினைந்து மீட்டர்.

பொங்கியண்ணன் ஒப்பவில்லை.
"பதினொண்ணு நூறுங்க.
பதினொண்ணாவது கல்லத் தாண்டித்தானுங்க
என்ற பாயிண்டு."

ஐந்நூறு மீட்டர் ரயிலைக் காணோம்.

சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு
ஊர் ஊராகப் போனோம்.
அத்தாயி கிணற்றில் மோட்டாரைத் தாங்கியபடி
இரண்டு துண்டு.
"உருவிக்கங்க சாமி, உருவுனா
கெணறும் கூட வரும்" என்றாள்.
மேக்காலத் தோட்டத்துக்காரர்
கட்டுத்தறிக் கூரைக்குக் குறுக்கே
நாலு போட்டு வைத்திருந்தார்;
எருமைகள் எங்களைப் பார்த்தன.
மாரியம்மன் கோயில் தேர்முட்டியில் எட்டு.
பூசாரி கேட்டது ஒரே கேள்வி:
"ரயிலு பெருசா, அம்மன் பெருசா?"
கறிக்கடை சாகுலின் உத்தரம்.
மதகுப் பலகைக்கு வழி.
வாய்க்கால் மேல் பாலம், அதில்
ஸ்கூட்டரோடு நின்று ஒருவன் சண்டை பிடித்தான்,
நாங்கள் அளந்து முடிக்கும்வரை.

திருட்டு என்று டீச்சர் ஒரு நாளும் சொல்லவில்லை.
நோட்டில் "இருப்பு" என்றே எழுதினார்.

கொடுத்தவர்கள் கொடுத்தார்கள்.
சிலர் பதிலுக்கு ஆங்கிள் கேட்டார்கள், வாங்கித் தந்தோம்.
மீதிக்குக் கரூர்ப் பக்கம் பழைய சர்க்கரை ஆலையில்
அதே கனத்தில் கிடைத்தது.

எஞ்சினை அறுக்காமல் விட்டிருந்தார் அபூபக்கர் ராவுத்தர்.
அன்றைக்கு கேஸ் தீர்ந்துபோச்சு,
மறுநாள் விலை இறங்கிப்போச்சு என்பார்.
கொதிகலனுக்குள் மூன்று தலைமுறை நாய்கள் பிறந்துவிட்டன.
டிரெய்லரில் ஏற்றி என் மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.
உள்ளே போனபோது பதினொன்று இருநூற்று நாற்பது,
வெளியே வரும்போது பத்து தொள்ளாயிரம்.
சீட்டில் எழுதினேன்:
குறைவு 340 கிலோ. காரணம்: துரு.
இருபத்தேழு வருஷத்தில்
நான் காரணம் எழுதிய சீட்டு அது ஒன்றுதான்.

ஆடியில் ஒரு ஞாயிறு ஓடியது.
நடையைவிடக் கொஞ்சம் வேகம்.
மதகிலிருந்து வந்த துண்டில் யாரோ போட்ட ஓட்டைகள்;
சக்கரம் அங்கே மட்டும்
டக்கென்று ஒரு சொல் சொன்னது.
பொங்கியண்ணன் பச்சைத் துண்டைக் காட்டினார்,
யாரும் கேட்காமலே.

நோட்டில் இன்னும் பன்னிரண்டு மீட்டர் கணக்கில் வரவில்லை.
டீச்சர் மாதாமாதம் போனில் கேட்கிறார்.

என் எடைமேடைக் குழியின் விளிம்பில்
முதலாளி சிமெண்டுக்குள் இறக்கிய இரும்பு எது என்று
எனக்குத் தெரியும்.
இறக்கும்போது பிடித்துக் கொடுத்தவன் நான்.

தேங்காய் லாரி வருகிறது. ஏறி நிற்கிறது.
தரை லேசாக அதிர்கிறது.
இன்னும் தேடுகிறேன் டீச்சர் என்று சொல்லி
சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறேன்.